மிசூரியிலிருந்து ஆம்பூர் வழியாக தங்கவயலுக்கு

எங்க ஊர் ராபர்ட்சன்பேட்டை. இப்போ வேலை நிமித்தமாக மிசூரி மாநிலத்து செயின்ட் லூயிஸில் குடும்பத்தோடு ஜாகை. போன மாதம் பையன் கேட்டான், "அப்பா, நாம எந்த லுத்தரன்?" ஊரில் இந்தக் கேள்விக்கு ஆயா ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்: "நாம மிசூரி, அவங்க தரங்கம்பாடி." மிசூரி என்பது ஒரு ஊர் என்பதுகூட ஆயாவுக்குத் தெரியாது. நான் அந்த ஊரிலேயே வந்து வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறேன் :-)

பையனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இந்த சபையே புலம்பெயர்ந்தவர்களுடையதுதான். ஜெர்மனியின் சாக்சனியில் பகுத்தறிவு வாதம் சபைக்குள் புகுந்துவிட்டது, பழைய லுத்தரன் போதனை போய்விட்டது என்று மனம் நொந்த ஏறக்குறைய 700 பேர், மார்ட்டின் ஸ்டீபன் என்ற போதகர் பின்னால் 1838 நவம்பரில் ஐந்து கப்பல்களில் கிளம்பினார்கள். அமாலியா என்ற கப்பல் கரை சேரவே இல்லை. மற்றவர்கள் நியூ ஆர்லியன்ஸில் இறங்கி, மிசிசிப்பி ஆற்றில் மேலே வந்து, மிசூரியில் பெர்ரி கவுண்டியில் நிலம் வாங்கினார்கள். அடுத்த மே மாதமே, ஒழுக்கக்கேடு, பண விவகாரம் என்று குற்றம் சாட்டி ஸ்டீபனைப் பதவியிலிருந்து இறக்கி, படகில் ஏற்றி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இல்லினாயில் விட்டுவிட்டார்கள். தலைவனும் இல்லை, பணமும் கரைந்தது. நாம் சபைதானா, வெறும் கூட்டமா என்ற பயம் வந்துவிட்டது. 1841-ல் ஆல்டன்பர்க்கில் நடந்த விவாதத்தில் வால்தர் என்ற இளம் போதகர்தான், மேய்ப்பன் தவறினாலும் வசனம் இருக்கிற இடத்தில் சபை இருக்கிறது என்று வாதாடி அவர்களைத் தேற்றினார். அவரே முதல் தலைவராக, 1847-ல் சிகாகோவில் மிசூரி சினாடு உருவானது. போதனையில் ஒரு எழுத்தும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பது அன்றிலிருந்து அவர்கள் குணம்.

சரி, இவர்களுக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம்?

தரங்கம்பாடிப் பக்கம் பழைய டேனிஷ் மிஷனின் வேலையை 1840-களில் ஏற்றவர்கள் லைப்சிக் மிஷன்காரர்கள். அங்கேயும் சண்டை. வேதாகமம் முழுக்க தேவ ஆவியால் அருளப்பட்டதா, அதில் பிழை இருக்க முடியுமா என்ற விவகாரம். 1876-லேயே சிலர் விலகினார்கள். அவர்களில் ஒருவரான சோர்ன் அமெரிக்கா போய் மிசூரிக்காரராகவே ஆகிவிட்டார். 1893-ல் இன்னும் இரண்டு பேர் வெளியே வந்தார்கள்: தியோடர் நேதர், ஃபிரான்ஸ் மோன்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். மிசூரிக்காரர்கள் அப்போது வெளிநாட்டு ஊழியத்துக்கு யோசித்துக்கொண்டிருந்த நாடு ஜப்பான். நேதரும் மோனும் கையில் தமிழோடு வந்து நின்றதால் திட்டம் மாறியது. கற்றுக்கொண்ட மொழி வீணாகக் கூடாது என்று யோசித்திருப்பார்கள் போல. 1894 அக்டோபரில் செயின்ட் சார்ல்ஸில் (எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் பயணம்) இருவரையும் ஜெபித்து அனுப்பினார்கள். 1895-ல் நேதர் கிருஷ்ணகிரியில் ஆரம்பித்தார், மோன் ஆம்பூருக்குப் போனார். நேதர் 1904-ல் கிருஷ்ணகிரியிலேயே பிளேக்கில் இறந்தார். மூன்று வருஷம் கழித்து வேலை நாகர்கோவிலுக்கும் போனது.

அதே காலத்தில் வட ஆற்காடு, சேலம் பக்கத்து ஏழை ஜனங்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்டவர்கள், தங்கச் சுரங்கத்துக்கு மூட்டை கட்டினார்கள். ஜான் டெய்லர் கம்பெனி 1880-லிருந்து தோண்டிய சுரங்கம். பவுரிங்பேட்டையில் ரயில் மாறி மாரிகுப்பம் போய்ச் சேர்ந்து, லைனில் மூங்கில் தட்டி வீட்டில் குடித்தனம். எங்க தாத்தாவின் அப்பா ஆம்பூர் பக்கத்திலிருந்து வந்தவர். அந்த ஜனங்கள் சட்டி பானையோடு சபையையும் கொண்டுபோனார்கள். கோலார் தங்கவயலில் மிசூரி லுத்தரன் வந்ததில் வெள்ளைக்காரப் போதகர்களைவிட இந்த ரயில் டிக்கெட்டுகளுக்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

தரங்கம்பாடிக்காரர்கள் 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆனார்கள், பேராயர் வைத்துக்கொண்டார்கள். மிசூரிக்காரர்கள் 1950-களின் கடைசியில் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆனார்கள். இரண்டு பேரும் படிப்பது ஒரே லுத்தர் ஞானோபதேசம். ஆனாலும் எங்க அத்தைக்கு "அந்த லுத்தரன்" வீட்டில் மாப்பிள்ளை பார்த்தபோது பெரியவர்கள் ஆறு மாதம் இழுத்தார்கள். காரணம் கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. லைப்சிக்கில் 1893-ல் நடந்த சண்டை என்று யாராவது சொல்லியிருந்தால் அத்தை சிரித்திருப்பார்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். பெங்களூருக்கு விடிகாலை ரயில் ஏறி வேலைக்குப் போகிற ஊராகிவிட்டது எங்க ஊர். முடிந்தவர்கள் இன்னும் தூரம் போனோம்.

பையன் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ஸ்டீபனோட கப்பல்ல வந்தவங்களும் நம்மள மாதிரிதானா?" என்றான். ஆமாம்டா என்றேன். அடுத்த லீவில் ஆல்டன்பர்க் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறான். இரண்டு மணி நேர டிரைவ்தான்.