ஈடாக வைக்கப்படும் அக்கம்பக்கம்: சேலம், நாமக்கல் சமவெளியில் குழுக்கடனும் உறவின் நலமும்

உறவுகளைப் பேணுவது பற்றித் தமிழில் வரும் அறிவுரை எழுத்துகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. மனம் விட்டுப் பேச வேண்டும், கோபத்தை அடக்க வேண்டும், மற்றவர் நிலையில் நின்று பார்க்க வேண்டும் என்பார்கள். இவற்றில் பிழை இல்லை. ஆனால் மனநலத்தை ஒரு தனி ஆளின் பழக்கவழக்கமாக மட்டும் பார்க்கும் இந்தப் பார்வை, கூலிக் குடும்பங்கள் நெருங்கி வாழும் தெருக்களுக்குப் போதாது. அங்கே நேற்றுவரை ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த இரண்டு பெண்கள் இன்று முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால், அதற்கான காரணம் பல சமயங்களில் தவணை அட்டையில் இருக்கிறது. கூட்டுப் பொறுப்பில் தரப்படும் குழுக்கடன் அக்கம்பக்க உறவையே ஈடாகப் பெற்றுக்கொள்கிறது. ஆகவே சேலம், நாமக்கல் சமவெளியில் உறவின் நலத்தைப் பற்றிப் பேசுகிறவர் கடனின் அமைப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கொண்டப்பநாயக்கன்பட்டி சேலம் மாநகரை ஒட்டி, ஏற்காட்டுக்குச் செல்லும் சாலைப் பக்கம் அமைந்த ஊர். நகரமும் கிராமமும் கலந்த இத்தகைய விளிம்பு ஊர்கள் சேலத்தைச் சுற்றிலும் உண்டு. இவ்வட்டாரத்தின் பிழைப்பு பலவிதம்: இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் பக்கம் விசைத்தறி, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, மேற்கே பள்ளிப்பாளையம், குமாரபாளையத்தில் மறுபடியும் தறி, நாமக்கல்லில் லாரியும் கோழிப்பண்ணையும், திருச்செங்கோட்டிலிருந்து வடமாநிலங்கள் வரை ஓடும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டி. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான இரண்டு தன்மைகள் நம் பொருளுக்கு முக்கியமானவை. ஒன்று, வருமானம் ஏறி இறங்கும்: நூல் விலை கூடினால் தறி நிற்கும், வெள்ளி விலை எகிறினால் பட்டறையில் வேலை குறையும். இரண்டு, லாரிக்கும் ரிக்குக்கும் போன ஆண் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வீட்டில் இருப்பதில்லை.

ஆள் இல்லாத வீட்டில் குழந்தைக்கு இரவில் காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்கு உடன் வருபவள் பக்கத்து வீட்டுக்காரிதான். அரிசிக்குக் கைமாத்துத் தருபவளும், கணவன் வீட்டாரைப் பற்றிய மனக்குறையைக் கேட்டுக்கொள்பவளும் அவளே. உளவியல் நூல்கள் உணர்வுத் துணை என்று பேசுவது இங்கே வாசற்படியில் நடக்கிறது. தாய்வீடு தொலைவில், கணவன் சாலையில். ஒரு பெண்ணின் மனத்தெம்பில் பெரும்பங்கு இந்தத் தெரு உறவைச் சார்ந்தது. குழுக்கடன் கேட்கும் ஈடும் இதே உறவுதான்.

அதன் நடைமுறை எளிது. நிலமோ நகையோ இல்லாத பெண்கள் ஐந்து பேரோ பத்துப் பேரோ சேர்ந்து ஒரு குழு. பல குழுக்கள் ஒன்றுகூடும் இடம் 'சென்டர்'. பெரும்பாலும் யாரோ ஒருத்தியின் வீட்டுத் திண்ணை. வாரம் ஒருநாள் காலையில் கடன் தந்த நிறுவனத்திலிருந்து வசூலிக்க ஆள் வருவார். ஒருத்தி 'டியூ' கட்டவில்லை என்றால் மற்றவர்கள் சேர்ந்து போட வேண்டும். முழுத்தொகை சேரும்வரை யாரும் எழுந்து போக முடியாத கூட்டங்கள் உண்டு. "அக்கா, நீங்க கட்டலைன்னா எங்களையும் எந்திரிக்க விடமாட்டாருங்க" என்று இளையவள் சொல்லும்போது அவள் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. ஆனாலும் நிறுவனத்தின் வசூல் வேலையை அந்த நேரத்தில் செய்து முடிப்பவள் அவள்தான். இந்த முறையின் சாமர்த்தியமும் கொடுமையும் இதில் அடங்கிவிடுகின்றன.

பொருளியலாளர்கள் இதை மறைத்ததில்லை. ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் 1990-இல் எழுதிய கட்டுரை, கடன் வாங்கியவரைக் கண்காணிக்கும் செலவை வங்கியிடமிருந்து அண்டை அயலாருக்கு மாற்றுவதே குழுக்கடனின் பலம் என்று காட்டியது. 1995-இல் திமோதி பெஸ்லியும் ஸ்டீபன் கோட்டும் ஒரு படி மேலே சென்று, ஊராரின் கோபமும் விலக்கமும் தவணையை வசூலிக்கும் கருவியாக எப்படிச் செயல்படும் என்பதைக் கணித மாதிரியாகவே வகுத்தார்கள். அந்தக் கணக்கில் ஊராரின் கோபம் இலவசம். கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊரின் ஒரு தெருவில் அதன் விலை என்ன என்று கேட்பது அவர்கள் வேலையாக இருக்கவில்லை.

பெண்கள் குழுவாகச் சேர்வதே தீது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு இயக்கம் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரியில் தொடங்கியது. அடுத்து விரிந்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. நாமக்கல் அப்போது சேலத்துக்குள் இருந்தது. அந்தக் குழுவில் 12 முதல் 20 பெண்கள் முதலில் மாதக்கணக்கில் சேமித்தார்கள். பிறகு அந்தச் சேமிப்பிலிருந்து தங்களுக்குள் கடன் கொடுத்தார்கள். அதன்பின்தான் வங்கி வந்தது. யாருக்கு முதலில் கடன், யாருக்குத் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று முடிவு செய்யும் உரிமை அவர்களிடம் இருந்தது. வங்கிக் கடனுக்கு அங்கும் குழுவே பொறுப்பு என்பது உண்மை. ஆயினும் உறவு முன்னும் பணம் பின்னும் வந்த வரிசை அது. நிறுவனக் குழுக்கடனில் வரிசை தலைகீழ்: கடனுக்காகக் குழு பிறக்கிறது, தவணையைத் தள்ளிப்போடும் அதிகாரம் குழுவிடம் இல்லை. இன்று பல சுய உதவிக் குழுக்களும் வங்கிக் கடனுக்காக மட்டுமே கூடுகின்றன என்ற குறையையும் மறுப்பதற்கில்லை.

இந்த வாதத்துக்கு ஒரு வலுவான எதிர்வாதம் இருக்கிறது. வாரந்தோறும் கூடும் பெண்களிடையே நட்பு வளர்கிறது, அவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிறார்கள் என்பார்கள். கொல்கத்தாவில் நடந்த கள ஆய்வொன்றை பெஞ்சமின் ஃபைகன்பெர்க், எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே மூவரும் 2013-இல் வெளியிட்டனர். மாதம் ஒருமுறை கூடியவர்களைவிட வாரம் ஒருமுறை கூடியவர்கள் பின்னாளில் அதிகம் பழகினார்கள், அடுத்த கடனையும் ஒழுங்காகக் கட்டினார்கள் என்பது அதன் முடிவு. குழுக்கடனை ஆதரிப்போர் விரும்பி எடுத்துக்காட்டும் ஆய்வு இது. அவர்கள் எளிதில் கடந்துபோகும் செய்தி, அந்தப் பெண்கள் வாங்கியிருந்தது தனிப்பொறுப்புக் கடன் என்பதே. ஒருத்தியின் தவணைக்கு இன்னொருத்தி பிணை இல்லாத இடத்தில்தான் அந்த நட்பு வளர்ந்தது.

பிலிப்பைன்ஸில் சேவியர் ஜினேயும் டீன் கார்லனும் செய்த சோதனை இதற்கு அரண் சேர்க்கிறது. அங்கே ஒரு வங்கி, கூட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டு கூட்டுப் பொறுப்பை மட்டும் பல சென்டர்களில் நீக்கியது. கட்டாமல் போனவர்களின் எண்ணிக்கை அதனால் உயரவில்லை. அப்படியானால் தெருவின் உறவைப் பிணையாகப் பிடித்து வைத்திருப்பதால் கடன் கொடுப்பவருக்கே பெரிய ஆதாயம் இல்லை.

மனநலத்தோடு நேரடியாகத் தொடர்புடையது இன்னொரு ஆய்வு. ஃபீல்டும் பாண்டேயும் வேறு இருவருடன் 2012-இல் வெளியிட்டது. களம் அதே கொல்கத்தா. மாதத் தவணை கட்டியவர்கள், வாரத் தவணை கட்டியவர்களைவிட, கடனைப் பற்றிய கவலையும் பதற்றமும் உண்டென்று சொல்வது 51 விழுக்காடு குறைவாக இருந்தது. யாருடைய குணமும் மாறவில்லை, யாருக்கும் ஆலோசனை வழங்கப்படவில்லை. நாள்காட்டி மட்டும் மாறியது. இரண்டு கொல்கத்தா ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது ஒரு நடைமுறை வழி: கூடுவது வாரம் ஒருமுறை, கட்டுவது மாதம் ஒருமுறை.

வீட்டுக்குள் நடப்பது இன்னும் சிக்கலானது. கடன் மனைவி பெயரில். பணம் போவது மகளின் காதுகுத்துக்கோ, கணவனின் பழைய வாரவட்டிக்கோ, கல்லூரிக் கட்டணத்துக்கோ. ஒரு குழுவின் தவணையை அடைக்க இன்னொரு குழுவில் கையெழுத்துப் போடுவாள். அது கணவனுக்குத் தெரியாது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல்லாண்டுகள் ஆய்ந்த இசபெல் கெரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2023-இல் வெளியிட்ட நூலில், கடனைச் சமாளிப்பது பெண்ணின் குடும்பப் பணிகளில் ஒன்றாகவே ஆகிவிட்டதை விரிவாகக் காட்டுகிறார்கள். கணவனிடம் மனம் விட்டுப் பேசு என்ற அறிவுரை இப்பெண்ணுக்கு எவ்வளவு தூரம் உதவும்? அவள் மறைப்பது கடனை. அதைச் சொன்னால் அடியோ அவமானமோ வரும் என்ற கணக்கும் அவளிடம் உண்டு. அந்தக் கணக்கு எப்போதும் தவறானது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

கடன்சுமையின் கடைக்கோடி எது என்பதைப் பள்ளிப்பாளையம் காட்டியது. கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகம் இடைத்தரகர்கள் மூலம் விற்கப்பட்டதாக 2025 ஜூலையில் புகார் எழுந்து, அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அதெல்லாம் குழுக்கடனால் வந்தது என்று சொல்வது மிகை. கந்துவட்டி, தறிப்பட்டறையில் வாங்கிய முன்பணம், மருத்துவச் செலவு என்று அதற்குப் பல வேர்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை. அதீத வட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003 முதல் தமிழ்நாட்டில் உண்டு. ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தண்டிக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இல் நிறைவேற்றியது. மன உளைச்சலில் இருப்பவர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். அந்தச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. இந்த ஏற்பாடுகள் எல்லாம் தேவையானவை. ஆனால் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் கண்வைப்பது வசூலிக்க வரும் ஆளின் நடத்தை மீது. அவர் குரல் உயர்த்தாமல் திண்ணையில் பொறுமையாக உட்கார்ந்திருக்க, பக்கத்து வீட்டுக்காரி குரல் உயர்த்தினால் அதற்கு எந்தப் பிரிவும் பொருந்தாது. ரிசர்வ் வங்கி செய்யக்கூடியது ஒன்று உண்டு: குறுங்கடனில் கூட்டுப் பொறுப்பை அடியோடு நீக்கி, மாதத் தவணையைக் கடன் வாங்குபவரின் உரிமையாக்க வேண்டும்.