சென்னையில் சட்டை மாற்றிய கிருமி

1992 அக்டோபரில் சென்னையில் பரவிய வாந்திபேதி பரிசோதனைக்கூடங்களைக் குழப்பியது. நோயாளிகளிடம் தெரிந்தவை அத்தனையும் காலராவின் அறிகுறிகள். நுண்ணோக்கியில் தெரிந்ததும் வளைந்த உடல்கொண்ட அதே விப்ரியோதான். ஆனால் காலராவின் ஓ1 வகையைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் கொண்ட சீரத்தில் கலந்தபோது கிருமிகள் ஒட்டித் திரளவில்லை. திரளாவிட்டால் அது கொள்ளைநோயாகப் பரவும் காலராக் கிருமி அல்ல என்பது அதுவரை இருந்த வழக்கு. அன்றைக்குப் பட்டியலில் இருந்த 138 வகைகளின் சீரங்களில் எதற்கும் அது மசியாததால் ஓ139 என்று எண் கொடுத்தார்கள். சில மாதங்களில் அது கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டியது. வங்காள விரிகுடாக் கரையோரம் பரவியதால் ‘பெங்கால்’ என்ற பெயர் நிலைத்தது; முதலில் கண்ட ஊருக்கு அந்தப் பெருமையோ பழியோ கிடைக்கவில்லை. காலராவின் எட்டாவது உலகத் தொற்று தொடங்கிவிட்டது என்றுகூடச் சிலர் எண்ணினார்கள். அப்படியானால் சென்னையில் புதிய சிற்றினம் ஒன்று தோன்றியதா? இல்லை. ஏன் இல்லை என்று பார்த்தால், பாக்டீரியாவின் பரிணாமம் விலங்குகளின் பரிணாமத்திலிருந்து எங்கே விலகுகிறது என்பது விளங்கும்.

சீரத்தை வைத்துக் கிருமியை அடையாளம் காணும் முறைக்கு ஒழுங்கான வடிவம் தந்தது 1935இல் கார்ட்னரும் வெங்கட்ராமனும் வெளியிட்ட ஆய்வு. அதன் அடிப்படை செல்லின் அமைப்பிலேயே இருக்கிறது. காலரா விப்ரியோவுக்கு நியூக்ளியஸ் கிடையாது. டிஎன்ஏ செல்லின் உட்சாற்றிலேயே கிடக்கிறது. அதைச் சுற்றி உட்சவ்வு, பிறகு மெல்லிய செல் சுவர், அதற்கும் வெளியே இன்னொரு சவ்வு. அந்த வெளிச்சவ்வில் பதிந்த லிப்போபாலிசாக்கரைடு மூலக்கூறுகளின் சர்க்கரைச் சங்கிலிகள் வெளிப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும்; ஓ வகைச் சீரம் பற்றுவது இவற்றைத்தான். ஒரு முனையில், நீந்துவதற்கென ஒரே ஒரு கசையிழை. கசையிழை இந்த விப்ரியோக் கூட்டம் முழுவதற்கும் பொதுவாக இருப்பதையும், சர்க்கரைச் சங்கிலிகள் வகைக்கு வகை மாறுவதையும் கார்ட்னரும் வெங்கட்ராமனும் காட்டினார்கள். கொள்ளைநோயை உண்டாக்கிய விப்ரியோக்கள் முதல் வகையில், அதாவது ஓ1இல் அடங்கின. நடைமுறைக்கு இது அருமையான கருவி. ஒரு துளி சீரமும் கண்ணாடிச் சில்லும் போதும். ஆனால் அந்தக் கருவி பார்த்தது செல்லின் மேல்சட்டையை மட்டுமே. காலப்போக்கில் சட்டையே ஆள் என்று ஆகிவிட்டது. திரளாதவற்றைக் ‘காலரா அல்லாத விப்ரியோ’ என்று ஒதுக்கிவைத்தார்கள்.

சென்னைக் கிருமியின் டிஎன்ஏவை ஆராய்ந்தபோது, அது 1961இல் இந்தோனேசியாவிலிருந்து கிளம்பிய எல் டோர் வகை ஓ1இன் நேர் வாரிசு என்று தெரிந்தது. சர்க்கரைச் சங்கிலியைக் கட்டும் மரபணுத் தொகுதி மட்டும் அகற்றப்பட்டு, அந்த இடத்தில் வேற்று விப்ரியோ ஒன்றின் தொகுதி குடியேறியிருந்தது. கூடவே ஒரு மேலுறையும் வந்து சேர்ந்திருந்தது. விப்ரியோக்கள் இறால், நண்டு போன்றவற்றின் ஓடுகளில் ஒட்டி வாழ்பவை. அந்த ஓடுகளிலுள்ள கைட்டின் என்னும் பொருள், சுற்றிலும் கிடக்கும் அயல் டிஎன்ஏவை உள்ளிழுக்கும் திறனை அவற்றில் தூண்டுகிறது என்று 2005இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே இப்படிப்பட்ட மாற்றத்துக்குக் கடலோர நீரே போதுமான களம்.

நோயை உண்டாக்கும் நச்சாவது கிருமியின் சொந்தச் சொத்தா என்றால் அதுவும் இல்லை. காலராக் கிருமி நச்சு சுரக்கிறது என்று 1884இலேயே ராபர்ட் கோக் ஊகித்தார். அதை 1959இல் மெய்ப்பித்தவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தை முயலின் குடலில் செலுத்தி அவர் இதைக் காட்டினார். வாழ்நாளில் உரிய மதிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நச்சின் மரபணுக்கள் ஒரு வைரஸின் டிஎன்ஏவில் இருப்பதை 1996இல் வால்டரும் மெக்கலனோஸும் கண்டறிந்தார்கள். கிருமியின் மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிழையைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழையும் அந்த வைரஸ், குரோமோசோமில் தன்னைச் செருகிக்கொள்கிறது. ஆக, சட்டையும் கடன், நஞ்சும் கடன்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். எல்லாமே கடன் என்றால், பாக்டீரியாவில் சிற்றினம் என்று சொல்வதற்குப் பொருள் உண்டா? தமக்குள் இனப்பெருக்கம் செய்யும் கூட்டமே சிற்றினம் என்று 1942இல் எர்ன்ஸ்ட் மாயர் தந்த வரையறை, இரண்டாகப் பிளந்து பெருகும் உயிருக்குப் பொருந்தாதுதான். ஆனாலும் கடன் வாங்குவதற்கு எல்லை உண்டு. வந்து சேரும் டிஎன்ஏ ஏற்கெனவே உள்ள டிஎன்ஏவோடு எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவு எளிதாக அதில் இணையும். உறவு விலக விலக இணைவது அரிதாகும். அதனால்தான் பாக்டீரியாக் கூட்டங்கள் ஒன்றில் ஒன்று கரைந்துவிடாமல் தனித்தனிக் கொத்துகளாக நிற்கின்றன. முழு மரபுத்தொகுதியில் சுமார் 95 சதவீத ஒற்றுமை இருந்தால் ஒரே சிற்றினம் என்று இன்று கொள்வது இந்த அடிப்படையில்தான். ஓ139 இந்த எல்லைக்கு நன்றாக உள்ளேயே நிற்கிறது. எல்லை சற்றே மனிதர் வகுத்ததுதான். கொத்துகள் மனிதர் வகுத்தவை அல்ல.

புதிய சிற்றினம் இல்லையென்றால் இதைப் பரிணாமம் என்று ஏன் அழைக்க வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. பரிணாமத்துக்குச் சிற்றினம் பிறந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. வேறுபாடு தோன்ற வேண்டும், அது வழிவழி வர வேண்டும், சூழல் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டாண்டாக ஓ1 புழங்கிய பகுதிகளில் பெரியவர்களுக்கு அதற்கெதிரான எதிர்ப்புசக்தி ஓரளவு இருந்தது. ஓ139 பெரும்பாலும் அந்தப் பெரியவர்களையே தாக்கியது. பழைய சட்டையைக் குறிவைத்த எதிர்ப்பொருள்கள் புதிய சட்டையிடம் செயலற்றுப்போயின. பல தலைமுறைகளாக நடப்பதென்று பாடநூல் சொல்லும் இயற்கைத் தேர்வு, இங்கே சில மாதங்களில் கண்ணெதிரே நடந்தது.

ஓ139 ஓ1ஐ நிரந்தரமாக விரட்டவில்லை. 1994வாக்கில் எல் டோர் ஓ1 திரும்பி வந்தது. ஓ139 படிப்படியாக அருகியது. 2009இல் இந்தியாவில் உரிமம் பெற்ற வாய்வழித் தடுப்பு மருந்தில் ஓ1, ஓ139 இரண்டும் சேர்க்கப்பட்டிருந்தன. 2024இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற எளிமையாக்கப்பட்ட தடுப்பு மருந்தில் ஓ139 இல்லை.