ஏற்றமும் இறக்கமும்: குரங்கணிச் சரிவில் நீரிழிவு நோயாளியின் நடைப்பயிற்சி

நீரிழிவு உள்ளவர்களுக்கான நடைப்பயிற்சி வழக்கமாக நேரத்தாலோ தூரத்தாலோ அளக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைக் கூறுகிறது. தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 8 கிலோமீட்டர் நடைபாதையை மாவட்டந்தோறும் அமைத்தது. சமதரையில் இவ்வளவுகள் போதும். போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலையடிவாரத்துக் குரங்கணியில் இவை போதா. அங்கிருந்து 1,700 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள டாப் ஸ்டேஷன் வரை பாதை ஏறிக்கொண்டே போகிறது. அங்கு முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது சரிவு.

ஏற்றத்தில் உடலின் எடையை மேலே தூக்க வேண்டியிருப்பதால் இதயமும் நுரையீரலும் அதிகம் உழைக்கின்றன. மூச்சிரைக்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே தொடக்கத்தில் ஏற்றது. இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு நாடித்துடிப்பு மருந்தால் அடங்கியிருக்கும். ஆகவே அவருக்கும் நாடியைவிடப் பேச்சே நம்பத்தக்க அளவுகோல். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நின்று மருத்துவ உதவி பெற வேண்டும்.

இறக்கம் எளிது என்பது பொதுக்கருத்து. இதயத்துக்கு அது உண்மை, தசைக்கு அன்று. இறங்கும்போது தொடைத்தசைகள் நீண்டபடியே உடலைத் தாங்குவதால், பழகாதவருக்கு ஓரிரு நாள் கழித்துக் கடும் வலி வரும். ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலையில் ஏற்றம், இறக்கம் இரண்டில் ஒன்றைக் கேபிள் காரில் கடக்கச் செய்து நடந்த ஆய்வொன்றில், இறங்கி நடந்த காலத்தில் குளுக்கோஸைத் தாங்கும் திறன் மேம்பட்டது. டிரைகிளிசரைடு குறைந்ததோ ஏறி நடந்தபோது மட்டுமே. இறக்கமும் பயிற்சிதான் என்று இது காட்டுகிறது. எனினும் அதில் பங்கேற்றவர்கள் நோயற்றவர்கள். பாதத்தில் உணர்ச்சி குன்றிய நீரிழிவு நோயாளிக்கு, செருப்பின் முனையில் விரல்கள் மோதி உண்டாகும் புண் தெரியாமலே போகலாம். மூடிய காலணி, காலுறை, நடை முடிந்ததும் பாதத்தைப் பார்த்தல் மூன்றும் அவருக்குக் கட்டாயம்.

மருந்து வேளையும் சரிவோடு சேர்த்து எண்ணத்தக்கது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு நடக்கும்போதும், பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழக்கூடும். புறப்படும் முன் அளவு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஏதேனும் சாப்பிட்ட பின்பே நடக்க வேண்டும். வியர்வையும் நடுக்கமும் கண்டால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, உட்கொண்டு 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயின்போது மீட்புக் குழுவினர் மேலேறிச் சேர நெடுநேரம் ஆனது. மலைப்பாதையில் மயங்கியவருக்கும் உதவி அவ்வளவு தொலைவில்தான் இருக்கும். ஆகவே தனியே நடப்பது தகாது.

இவற்றால் பெறப்படும் வரிசை தெளிவானது. கண், பாதம், இரத்த அழுத்தம் ஆகியவற்றின் பரிசோதனையும் மருத்துவரின் ஒப்புதலும் முதலில். ஊர்ச்சாலையில் பத்து நிமிட நடை அடுத்து. சில வாரம் பழகியபின் சிறு ஏற்றம். உடல் அதை ஏற்ற பிறகே நீண்ட இறக்கம். வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள், மலையூர்களில் இவ்வரிசையையும் கையோடு சொல்லித்தருவது இன்றியமையாதது.