ஆறாம் வினாவும் அதன் பின்னும்

போட்டியிற் பரிசு பெற்ற பிள்ளை பின்னர் என்னவானான் என்று வினவுவது நம் பெரியோர் வழக்கம். அதற்கு 1988ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரில் நடைபெற்ற சர்வதேசக் கணித ஒலிம்பியாட் போட்டியைப் பார்ப்போம்.

49 நாடுகளிலிருந்து வந்த 268 மாணவருள் ஆறாம் வினாவை முற்றாகத் தீர்த்தோர் பதினொருவரே. வியட்நாமின் ஙோ பாவோ சாவ், ருமேனியாவின் நிக்குஷோர் டான் இருவரும் அவ்வினா உட்பட 42 புள்ளிகளையும் பெற்றனர். அம்மாதமே 13 வயது நிறைந்த அவுஸ்திரேலியச் சிறுவன் தெரன்ஸ் தாவோவுக்கோ அவ்வினாவிற் கிடைத்தது 7இல் 1 புள்ளிதான். ஆயினும் தங்கப் பதக்கம் கைதவறவில்லை.

அந்த ஒரு புள்ளியைக் கொண்டு தாவோவை அளந்திருந்தால் பிழைத்துப் போயிருக்கும். கணிதத்தின் உயர் விருதாகிய பீல்ட்ஸ் பதக்கம் 2006இல் அவருக்கும், 2010இல் ஙோவுக்கும் கிடைத்தது.

டான் சென்ற வழி வேறு. 1998இல் பிரான்சில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் தாயகம் மீண்டவர், புக்கரெஸ்ட் நகரின் பழங்கட்டடங்களை இடிப்பதை எதிர்த்து நீதிமன்றம் ஏறினார். கணிதத்தை வீணாக்கினார் என்போருக்கு நான் உடன்படேன். வழக்குக்கு மேல் வழக்காடிய அப்பொறுமை பரீட்சை மண்டபத்திற் பழகியதென்றே தோன்றுகிறது. 2020இல் அந்நகரின் மேயரானார். 2025இல் ருமேனியாவின் ஜனாதிபதியானார்.

அம்மண்டபத்திலிருந்த மற்றையோருட் பலருடைய பெயரை நாம் கேள்விப்பட்டதேயில்லை.