சூழ்ச்சி என்னும் சொல்

1931ஆம் ஆண்டு முதல் தம்பானூர்ப் புகைவண்டி நிலையத்தில் வந்திறங்கும் தமிழர்க்கு இந்நகரில் வியப்பளிப்பவற்றுள் சொற்களும் உள. நன்னூல் நூற்பாவை நாம் சூத்திரம் என்கிறோம். மலையாள அன்பரோ அச்சொல்லைத் தந்திரம் என்னும் பொருளிலும் வழங்குவர். சூத்திரக்காரன் எனின் அவர்க்குத் தந்திரசாலி. இது கேட்டு நகைப்போர், நம் மொழியிலும் ஒரு நற்சொல் அந்நிலை உற்றதை எண்ணுதல் வேண்டும்.

சூழ்தல் என்பதற்குச் சுற்றுதல் என்பதோடு, பல்வகையானும் ஆராய்தல் என்பதும் பொருள். வள்ளுவர் வாக்கில் சூழ்ச்சி என்பது ஆராய்ச்சியே. அதன் முடிவு துணிவு பெறுதல் என்பது 671ஆம் குறளின் கருத்து. 445ஆம் குறளில் அமைச்சரைச் சூழ்வார் என்றே குறித்து, அவரை அரசனுக்குக் கண்ணாக வைத்தார். கேடு நினைக்கும் அமைச்சனைக் கூறும் 639ஆம் குறளிலோ, சூழ்ச்சி என்னாது, பழுது எண்ணுதல் என்றார். அவர் கையில் அச்சொல் மாசற்று இருந்தது என்பது இதனால் விளங்கும்.

இன்றோ சூழ்ச்சிக்காரன் என்பது வசைச்சொல். இச்சொல் தாழ்ந்தது எவ்வாறு? அமைச்சர் கூடி ஆராய்வது மறைவில் நிகழ்வது. மறைவில் உள்ளதை ஐயுறுதல் உலகியல்பு. ஐயத்திற்கு இடந்தருவோர் சிலராயினும் பழி சொல்லின்மேல் ஏறிற்று என்று கருதலாம்.

இவ்வீழ்ச்சிக்கு உருவம் தந்த நாடகம் இந்நகரிலிருந்தே பிறந்தது. இங்கு மகாராசாக் கல்லூரியில் பேராசிரியராய் விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். அதில் வரும் அமைச்சன் குடிலன். குடிலம் என்பது வளைவு. சூழ்வானாய் இருந்து கண்ணாக வேண்டியவன், சீவக வழுதியின் கண்ணை மறைக்கின்றான். கோட்டையின் மறைவழியை அறிந்ததும் பகைவனாகிய சேரன் புருடோத்தமனிடம் அதனைக் காட்டிக்கொடுக்கச் செல்கின்றான். சேரனோ அவனைப் பாராட்டாது விலங்கிடுகின்றான். வஞ்சத்தால் வரும் வெற்றியை வேண்டாத அச்சேரனுக்கு ஆசிரியர் அளித்த தலைநகர் இத்திருவனந்தபுரமே!

அன்பர்களே! பிறந்த மண்ணைவிட்டு வந்து சங்கம் அமைத்தோர்க்கும் இச்சொல்லில் ஒரு பாடம் உண்டு. நால்வர் கூடி ஆராய்வது சூழ்ச்சி. அவர் ஆராய்ந்ததை மற்றையோர் அறியாது மறைப்பின் அதுவே மற்றைச் சூழ்ச்சியாகும். கணக்கும் முடிவும் அவைமுன் விரிந்து கிடக்குமாயின், வள்ளுவர் தந்த பழம்பொருள் நம்மளவிலேனும் மீளும்.

வாழ்க தமிழ்!