அசமன்பாடும் போதுமைக் கேள்வியும்

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பை (π) என்ற எண் 223/71-ஐவிடப் பெரியது, 22/7-ஐவிடச் சிறியது என்று கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் நிறுவினார். வட்டத்துக்கு உள்ளும் புறமும் 96 பக்கப் பலகோணங்களை வைத்து அவர் கண்டவை இரண்டு எல்லைகள். துல்லியமான மதிப்பு அவருக்குத் தேவைப்படவில்லை. பள்ளிப் பிள்ளைகள் இன்றும் பையின் மதிப்பாக எழுதும் 22/7 உண்மையில் அந்த மேல் எல்லைதான்.

இத்தனையும் சொற்களாலேயே எழுதப்பட்டது. >, < என்ற குறிகள் அச்சேறியது 1631-இல், தாமஸ் ஹாரியட் இறந்து பத்தாண்டு கழித்து லண்டனில் வெளிவந்த அவருடைய இயற்கணித நூலில். அதே ஆண்டு வில்லியம் ஆட்ரெட் வேறு குறிகளை முன்வைத்தார். அவற்றுக்கும் இங்கிலாந்தில் நெடுங்காலம் ஆதரவு இருந்தது. எழுதவும் நினைவில் வைக்கவும் எளிதான ஹாரியட் குறிகளே நிலைத்தன. அவற்றின் கீழே கோடிட்டு ‘பெரியது அல்லது சமம்’ என்று காட்டும் வழக்கத்தை 1734-இல் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே கொண்டுவந்தார்.

இக்குறிகளால் எழுதப்படும் அசமன்பாடு பயன்படும் ஓர் இடம் மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வு; அது 1954-இல் தொடங்கியது. பின்னாளில் அதன் அடையாளமாகவே ஆன டேட்டா சஃபிஷியன்சி (தகவல் போதுமை) கேள்விகளில் ஒரு வினாவும் இரண்டு கூற்றுகளும் இருக்கும். விடையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. விடை சொல்லத் தகவல் போதுமா என்று தீர்மானித்தால் போதும். ஆர்க்கிமிடீஸின் எல்லைகளைப் போல, மதிப்பு தெரியாமலே முடிவுக்கு வர இடம் தருவதால் அசமன்பாடு இக்கேள்விக்கு மிகப் பொருத்தமான களம்.

அ > ஆ என்பது உண்மையா? இது ஓர் எடுத்துக்காட்டு வினா. முதல் கூற்று: அ² > ஆ². இது போதும் என்று பலர் அவசரப்படுவார்கள். அ = 3, ஆ = 2 என்றால் ‘ஆம்’; அ = –3, ஆ = 2 என்றால் ‘இல்லை’. ஆகவே போதாது. இரண்டாம் கூற்று: அ > 0. ஆ பற்றி எதுவுமே தெரியாததால் இதுவும் போதாது. இரண்டையும் சேர்த்தால், மிகை எண்ணான அ, ஆ-வின் எண்ணளவைவிடப் பெரியது. எனவே ஆ-வைவிடவும் பெரியதே. இப்போது போதும். குறை எண்ணைச் சோதிக்காமல் வர்க்கத்தை நம்புவதும், மிகையா குறையா என்று தெரியாத எண்ணால் இருபுறமும் பெருக்குவதும்தான் இங்கே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

2023-இல் வந்த புதிய ஜிமேட்டில் இக்கேள்விகள் கணிதப் பிரிவிலிருந்து டேட்டா இன்சைட்ஸ் பிரிவுக்கு மாற்றப்பட்டன. அங்கே கால்குலேட்டருக்கு அனுமதி உண்டு. ஆனால் குறை எண்ணை நினைவில் கொள்ளும் வேலையை அது செய்து தராது.