பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பின்சங்கிலி தேர்ந்தெடுத்தல்

பின்சங்கிலி என்பது, கியர்ப்பெட்டியின் வெளித்தண்டில் பொருத்தப்பட்ட சிறிய பற்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்தின் பெரிய பற்சக்கரத்துக்கு என்ஜினின் சக்தியைக் கொண்டு செல்லும் உருளைச் சங்கிலியாகும். சுவிட்ஸர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் என்பார் 1880-இல் காப்புரிமை பெற்ற புஷ்-உருளை அமைப்பே இன்று வரை இதற்கு அடிப்படை. ஆயினும் ஆதிகாலத்து மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை பட்டையினாலேயே ஓடின; 1915-இல் வெளிவந்த டிரையம்ப் ‘எச்’ மாதிரியிற்கூட என்ஜினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே சங்கிலியும், அங்கிருந்து பின்சக்கரத்துக்குப் பட்டையுமாகவே அமைந்திருந்தது.

சங்கிலியின் அளவைத் தீர்மானிப்பவை மூன்று: அடுத்தடுத்த இரண்டு ஊசிகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரமாகிய பிட்ச், உள்தகடுகளுக்கு இடையேயுள்ள அகலம், உருளையின் விட்டம். டிரையம்ப் பானவில், நார்ட்டன் கமாண்டோ முதலிய பெரிய பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் பிட்ச் 5/8 அங்குலமும் (15.875 மி.மீ.), அகலம் 3/8 அங்குலமும் ஆகும், கடைக்காரர் இதையே 530 என்பார். இவ்வெண்ணின் முதல் இலக்கம் பிட்சையும், எஞ்சிய இரண்டும் அகலத்தையும் எட்டிலொரு பங்கு அங்குலக் கணக்கில் உணர்த்துவதாகச் சொல்வது வழக்கம். ஆனால் சிறு வண்டிகளுக்குரிய 428-இன் அகலம் 5/16 அங்குலமேயாதலால், அவ்விதியை முழுதும் நம்பிவிடலாகாது. 520-க்கும் 530-க்கும் பிட்சும் உருளை விட்டமும் (10.16 மி.மீ.) ஒன்றே, வேறுபாடு அகலத்தில் மட்டுமே. ஆகையால் 520-க்கென்று மெலிதாக வெட்டப்பட்ட பல்லின்மீது 530 ஏறும். ஏறியபின் பக்கவாட்டில் ஆடி இரண்டையும் கெடுக்கும். மாறாக, 530-க்குரிய தடித்த பல்லின்மீது 520 உட்காரவே மாட்டாது. வண்டி பல கை மாறிய பழைய வண்டியாயின், கையேட்டில் கண்டதை ஏற்குமுன் பல்லின் தடிப்பை வெர்னியர் கொண்டு அளந்து பார்ப்பதே உசிதம்.

தேய்மான விஷயத்தில் பழைய தொழிற்கூடங்கள் கடைப்பிடித்த விதி, அடிக்குக் கால் அங்குலம், அதாவது நூற்றுக்கு இரண்டு என்பதாகும். 5/8 அங்குலச் சங்கிலியில் 20 பிட்ச், புதிதாயிருக்கையில் 12½ அங்குலம். அதைச் சுத்தம் செய்து இழுத்துப் பிடித்து அளக்கையில் 12¾ அங்குலத்தை எட்டுமாயின் சங்கிலி கழிக்கத்தக்கது. இதைவிடத் தொல்லையானது பற்சக்கரத்தின் நிலைமை. கொக்கிபோல் வளைந்துவிட்ட பற்களின்மீது புதுச் சங்கிலியைப் பூட்டுவது, கொடுத்த பணத்தைத் தெருவில் எறிவதற்குச் சமானம். ஆனால் மேற்சொன்ன பிரிட்டிஷ் வண்டிகளிலும், சென்னையையடுத்த திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டிலும் சிறிய பற்சக்கரம், என்ஜினையும் கியர்ப்பெட்டியையும் இணைக்கும் முதற்சங்கிலியின் பெட்டிக்குப் பின்னால் மறைந்திருப்பதால், அதை மாற்ற கிளட்ச்சையே கழற்ற நேரும். புல்லட்டிலோ 38 பற்கள் கொண்ட பின்பற்சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. இக்காரணத்தாலேயே பலர் சங்கிலியை மட்டும் மாற்றிவிட்டு, சில காலத்துக்குள் மறுபடியும் கடைக்கு வருகின்றனர்.

இக்காலத்தில் பிரபலமான ஓ-வளையச் சங்கிலியில், ஊசிக்கும் புஷ்ஷுக்கும் இடையிலுள்ள கிரீஸ் வெளியேறாதவாறு உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே ரப்பர் வளையங்கள் வைக்கப்பட்டுள்ளன. ஆயுள் மிகுதி, பராமரிப்புக் குறைவு. ஆயினும் அவ்வளையங்களின் பொருட்டு ஊசிகள் நீண்டு சங்கிலி முழுவதும் தடித்துவிடுகின்றது; பழைய வண்டியில் சங்கிலிக்கும் முதற்சங்கிலிப் பெட்டியின் பின்சுவருக்கும், சங்கிலிக் காப்புக்கும், டயருக்கும் இடையே உள்ள இடைவெளி சில மில்லிமீட்டரேயாதலால், அது எங்கேனும் உரசிக் கொண்டே ஓட வாய்ப்புண்டு. இடமுள்ள வண்டிக்கு ஓ-வளையம் நல்லதே. இடமில்லாததற்கு, நற்பெயர் பெற்ற தயாரிப்பாளரின் சாதாரணச் சங்கிலியை வாங்கி அடிக்கடி எண்ணெயிடுவதே மேல் என்பது அனுபவசாலிகளின் பொதுவான அபிப்பிராயம். விலை மலிவான பெயரற்ற சங்கிலியை, ஓ-வளையத்தை விரும்புவோரும் சாதாரணச் சங்கிலியை விரும்புவோரும் ஒருங்கே விலக்குவர்.

நீளத்தைப் பொறுத்தவரை, கண்ணிகள் இரட்டைப்படை எண்ணாயிருத்தல் அவசியம். ஒற்றைப்படையாயின் வளைந்த அரைக்கண்ணி ஒன்றைச் சேர்க்க நேரும். அது சங்கிலியின் பலவீனமான இடம். சிறிய பற்சக்கரத்தில் ஒரு பல்லைக் கூட்டியோ குறைத்தோ மாற்றியிருப்பின், பழைய சங்கிலியின் கண்ணிகளை எண்ணி வாங்குவது பயன்படாது. பின்னச்சை அதன் நகர்வெல்லையின் முன்பகுதியில் நிறுத்திப் புதுச் சங்கிலியைச் சுற்றி வைத்துப் பார்த்தே வெட்ட வேண்டும். இணைப்புக் கண்ணிக்குக் கிளிப் இடுவதாயின், அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருத்தல் வேண்டும். திறந்த முனை முன்னோக்கி இருந்தால், எதிலேனும் இடறிக் கிளிப் கழன்றுவிடும். கழன்ற சங்கிலி சிறிய பற்சக்கரத்தருகே சுருண்டு திரண்டு, என்ஜின் பெட்டியின் அலுமினியச் சுவரையே உடைத்துவிடக்கூடும். அதிக சக்தியுள்ள வண்டிக்கு, அடித்து இறுக்கும் ரிவெட் கண்ணியைப் பயன்படுத்துவது சிறந்தது. அதற்குரிய அழுத்துகருவி தேவைப்படும்.